அம்மாவின்ர மரண அறிவித்தலுக்குக் கீழ எழுதினது ஆர்?

ரீச்சரின்ர மகன் | வெள்ளவத்தை | செவ்வாய், இரவு 9.42

அம்மா மோசம்போய் இண்டையோட 19 நாள். பொரளையில மலர்ச்சாலையில இரண்டு நாள் வைச்சு கனத்தையில தகனம் செய்தனாங்கள். 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு (அம்மாவின்ர நினைவுப் புத்தகம்) அடிக்கிற பொறுப்பு என்னட்டை. அது சம்பந்தமா ஒரு உதவி வேணும். கொஞ்சம் நீட்டா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அம்மா கணக்கு ரீச்சர். 95 இடப்பெயர்வு வரைக்கும் யாழ்ப்பாணத்தில, பிறகு கொழும்பில. படிச்ச பிள்ளையள் இப்ப ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சிட்னி எண்டு எல்லா இடமும். செத்தவீட்டுக்கு வர ஏலாத அவ்வளவு பேரும் பேஸ்புக்கில நான் போட்ட அறிவித்தலுக்குக் கீழ வந்துதான் முகம் காட்டினவை. 412 கொமென்ட். அதில நல்லதுகளைத் தெரிஞ்செடுத்து கல்வெட்டின்ர கடைசியில 'மாணவர் நினைவுகள்' எண்டு எட்டுப் பக்கம் போடுவம் எண்டு நினைச்சன்.

அதில ஒரு கொமென்ட். சேலை கட்டின ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ர படம், தமிழ்ப் பேர். இப்பிடி எழுதியிருந்தது: "ஆசிரியையின் கனிவான புன்னகையும், ஒவ்வொரு மாணவரையும் தன் பிள்ளையாய் அரவணைத்த அன்பும் என்றென்றும் மனதில் ஒளிவீசும். அவர் விதைத்த அறிவின் விதைகள் இன்று உலகெங்கும் மரங்களாய்ப் பூத்திருக்கின்றன."

இரவு ஒரு மணிக்கு அதை வாசிச்சுப்போட்டு விக்கி விக்கி அழுதன். "நன்றி தங்கச்சி, நீங்கள் எந்த பட்ச்?" எண்டு கேட்டன். ஒரு நிமிசத்துக்குள்ள பதில் வந்தது: "அந்த இனிய பள்ளி நாட்கள் மறக்க முடியாதவை. உங்கள் துயரில் பங்கேற்கிறேன்." பட்ச் சொல்லேல்லை. நானும் திருப்பிக் கேக்கேல்லை. அந்தக் கொமென்டைத்தான் முதல் பக்கத்துக்குப் போட்டு அச்சகத்துக்கு அனுப்பினன்.

புரூஃப் பாத்த தங்கச்சி ரொறன்ரோவில இருந்து போன் எடுத்து ஒரு கேள்விதான் கேட்டவள். "அண்ணா, அம்மா வகுப்பில எப்ப சிரிச்சவ?"

அதுக்குப் பிறகுதான் அந்த ப்ரொஃபைலுக்குள்ள போய்ப் பாத்தன். அதே இரவு 2.14க்கு கோயம்புத்தூரில ஒரு கலியாணப் படத்துக்குக் கீழ. 2.14க்கே துபாயில ஒரு கராஜ் விளம்பரத்துக்குக் கீழ. 2.15க்கு ஆரோ ஒரு குழந்தையின்ர பிறந்தநாளுக்குக் கீழ. எல்லாத்திலயும் ஒரே தையல்: முதல் வரி புகழ்ச்சி, அடுத்த வரி உவமை. அம்மாவுக்கு விதையும் மரமும் கிடைச்சிருக்கு, கராஜுக்கு விளக்கும் வெளிச்சமும்.

வியாழன் புரூஃப் திருப்பிக் குடுக்க வேணும். மிச்சம் 411இல எத்தினை பேர் மனிசர்? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 9.58

ஆழ்ந்த அனுதாபங்கள். நீங்கள் இணைத்திருந்த ஸ்கிரீன்ஷொட்டை எடுத்துவிட்டேன். அந்தப் படத்தில் இருக்கும் பெண்ணுக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். இப்படியான கணக்குகளுக்கு வேறு யாருடையவோ படத்தைத்தான் பெரும்பாலும் எடுத்து ஒட்டுகிறார்கள்.

நிரல் எழுதுறவன் | பம்பலப்பிட்டி | செவ்வாய், இரவு 10.20

அண்ணை, அம்மாவின்ர ஆத்மா சாந்தியடையட்டும். நான் சொஃப்ட்வெயர் வேலை. இது எப்பிடி நடக்குது எண்டு தெரிஞ்சதைச் சொல்றன்.

வெளிச் செயலிகள் ஒருத்தற்ற சொந்தக் கணக்கின்ர பேரில பதிவு போடுற வழியை பேஸ்புக் 2018இலயே மூடிட்டுது. அதனால இவங்கள் கள்ளவழியில வாறாங்கள். ஒரு கொம்பியூட்டரில பிரவுசரைத் திறந்து வைச்சு, மனிசர் ஸ்க்ரோல் பண்ணுற மாதிரியே ஒரு நிரலை ஓட விடுவாங்கள். அது உங்கட பதிவில இருக்கிற எழுத்தை எடுத்து ஒரு மொழி மாதிரிக்கு, அதாவது சட்ஜிபிடி போல எழுதித் தாற ஒரு ஏஐக்கு, அனுப்பும். கூடவே ஒரு கட்டளை: 'பதிவின்ர மொழியிலயே, உருக்கமா, தனிப்பட்ட தொனியில இரண்டு வரி எழுது.' நீங்கள் அறிவித்தலில 'ஓய்வுபெற்ற கணித ஆசிரியை' எண்டு போட்டிருப்பீங்கள். அதில இருந்துதான் 'மாணவர்', 'அறிவு', 'விதை' எல்லாம் வந்தது. சிரிப்பு எங்கயிருந்து வந்தது எண்டால், ஆசிரியை எண்ட சொல்லுக்குப் பக்கத்தில புன்னகை எண்ட சொல் நெட்டில அடிக்கடி வந்திருக்கு. அவ்வளவுதான்.

ஏன் செத்தவீட்டுக்கு வருது? உங்கட அம்மாவில அதுக்கு ஒரு அக்கறையும் இல்லை. வாழைக்குலையைக் கிடங்கில போட்டுப் புகையடிச்சுப் பழுக்க வைக்கிற மாதிரி, இவங்கள் கணக்கைப் பழுக்க வைக்கிறாங்கள். நாலு மாசம் கலியாணம், பிறந்தநாள், மரணம் எண்டு எல்லா இடமும் கொமென்ட் போட்டு, ஆக்களிட்டைப் பதில் வாங்கி, நண்பர் பட்டியலை நிரப்பினால் அந்தக் கணக்கு மனிசர்ர கணக்கு மாதிரித் தெரியும். பிறகு விக்கலாம். வாங்குறவன் அதை வைச்சு முதலீட்டு மோசடியும் செய்வான், தேர்தல் பிரசாரமும் செய்வான். மரண அறிவித்தல் இவங்களுக்கு வசதி. அங்க ஆரும் ஆரையும் 'நீ ஆர்?' எண்டு கேக்கமாட்டினம். நீங்கள் 'நன்றி தங்கச்சி' எண்டு எழுதினதே அந்தக் கணக்குக்குக் கிடைச்ச ஒரு சான்றிதழ்.

ஒரு அடையாளம் சொல்றன், ஆனா இதையே முழுசா நம்பவேண்டாம். இயந்திரம் எழுதுற தமிழ் தமிழ்நாட்டு மேடைத்தமிழாத்தான் கூடுதலா வரும். அது 'ஓம்' எண்டு சொல்லாது, 'கதைச்சவ' எண்டு எழுதாது, ரீச்சரை 'ஆசிரியை' எண்டும். எங்கட ஆக்களில ஆராவது ரீச்சரை ஆசிரியை எண்டு கூப்பிட்டவையே?

பழைய ஒப்புநோக்காளர் | முகத்துவாரம் | புதன், காலை 6.05

மகனுக்கு என் அனுதாபங்கள். நான் 31 வருடங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்கியவன். மேலே தம்பி சொன்ன கடைசிப் பந்தியைப் பற்றி எனக்கு ஒரு வேதனை இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் 'ஆசிரியை' என்றுதான் எழுதுவேன். 'அரவணைத்த' என்றும் எழுதுவேன். போன மாதம் என் நண்பர் ஒருவர் இறந்தபோது, ஒரு குழுவில் பத்து வரி எழுதினேன். இரண்டு நாள் யோசித்து எழுதியது. கீழே ஒரு இளைஞர் 'இது ஏஐ' என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு இருபத்தைந்து பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். நாற்பது வருட நட்பு. நான் என்ன ஆதாரம் காட்டுவது? சந்திப்பிழை விட்டு எழுதியிருந்தால் நம்பியிருப்பார்களா?

கண்டுபிடிக்கும் கருவிகளையும் நம்பாதீர்கள். சட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கருவியை வெளியிட்டது. அவர்களுடைய சொந்தச் சோதனையிலேயே இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. அதே வருடம் ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அதே 2023இல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்களின் பரீட்சைக் கட்டுரைகளை ஏழு கருவிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேலான கட்டுரைகளை இயந்திரம் எழுதியவை என்று கருவிகள் சொல்லின. அத்தனையும் பிள்ளைகள் கைப்பட எழுதியவை. ஆங்கிலத்திலேயே இந்த நிலை என்றால் தமிழுக்கு எந்தக் கருவியை நம்புவது?

ஆகவே நடையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த 411 பேரில் என்னைப் போல் ஒருவர் இருந்தால், அவருடைய துக்கத்தை நீங்கள் கல்வெட்டிலிருந்து வெட்டி எறிந்தவராவீர்கள்.

நிரல் எழுதுறவன் | பம்பலப்பிட்டி | புதன், காலை 7.31

ஐயா, நீங்கள் சொல்றது சரி. நான் எழுதினது பிழை. 'ஆசிரியை' எண்டு எழுதினதைக் குற்றமாச் சொல்லியிருக்கக் கூடாது. 'ஓம்' போட்டு எழுது எண்டு சொன்னா அதுவும் எழுதும் எண்டதும் உண்மை. நடையை விடுவம். கணக்கைப் பாருங்கோ அண்ணை: எவ்வளவு பழசு, ஒரு மணித்தியாலத்தில எத்தினை இடத்தில எழுதியிருக்கு, பொது நண்பர் ஆராவது இருக்கினமோ.

தெஹிவளை நானா | புதன், காலை 8.15

வாப்பா மௌத்தான நேரம் என்ட ஜனாஸா அறிவித்தலுக்குக் கீழ ஐந்நூறு பேர் ஒரே வசனத்தைத்தான் எழுதினாங்க: இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். கொப்பி பேஸ்ட் என்று எனக்கு ஒருநாளும் தோணல்ல. அது துஆ. ஆர் எழுதினாலும் அதே சொல்லைத்தான் எழுதோணும். உங்கட பக்கத்துல 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதுறதும் அப்பிடித்தானே தம்பி? எனக்கு உங்கட உம்மாவத் தெரியாது, ஆனா உங்கட துக்கத்துல நானும் நிக்கிறன் என்று அதுக்கு அர்த்தம். அதுல பொய் இல்ல.

அந்த இயந்திரம் செய்தது வேற. தெரியாத ஒரு ஆளத் தெரியும் என்று சாட்சி சொல்லியிருக்கு. பொய்ச்சாட்சி எங்கட மார்க்கத்துல பெரும்பாவம். ஒரு மையித்தப் பத்திப் பொய்ச்சாட்சி சொன்னா, அவ திரும்பி வந்து 'நான் அப்பிடியில்ல' என்று சொல்லவும் ஏலா. எனக்கு அதுதான் நோகுது.

கேக் அக்கா | கொட்டாஞ்சேனை | புதன், பகல் 12.40

தம்பி, இரண்டு தரம் எழுதி அழிச்சிட்டு இப்ப எழுதுறன்.

வீட்டில கேக் செய்து விக்கிறன். பேஸ்புக் பேஜ் இருக்கு. போன வருசம் ஒரு பிள்ளை மாசம் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு சேவை போட்டுத் தந்தது. என்ட பேஜுக்கு வாற கொமென்டுக்குத் தானாப் பதில் சொல்லும் எண்டது. விலை எவ்வளவு, டெலிவரி உண்டோ எண்டு கேக்கிறவைக்கு அது பதில் சொல்லுறது எனக்குப் பெரிய உதவி, பொய் சொல்லமாட்டன். ஆனா அது கொழும்புத் தமிழ்க் குழுக்களுக்குள்ளயும் போய் என்ட பேஜின்ர பேரில எழுதுது எண்டது உங்கட பதிவை வாசிச்ச பிறகுதான் பாத்தன். 'ரீச் கூடும்' எண்டு அந்தப் பிள்ளை சொன்னது இதைத்தான்.

இறங்கிப் போய்ப் பாத்தன். ஒரு தாய், கருவில போன தன்ர குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறா. அதுக்குக் கீழ என்ட பேஜ், மெழுகுதிரி கொளுத்தின கேக் படத்தோட: "உங்கள் வலி எங்களுக்குப் புரிகிறது. ஒவ்வொரு இருளுக்குப் பின்னும் ஒரு விடியல் உண்டு." அந்தத் தாய் அதுக்கு ஒரு இதயம் போட்டிருக்கிறா.

எனக்கு இரண்டு பிள்ளை போனது தம்பி. அந்த வலி எனக்கு உண்மையிலயே விளங்கும். ஆனா அதை எழுதினது நானில்லை. இப்ப அந்தச் சேவையை நிப்பாட்டிட்டன். அந்தத் தாய்க்கு இன்பொக்ஸில எழுதினன், அது இயந்திரம் எழுதினது எண்டு சொல்லி, மன்னிப்புக் கேட்டு. இன்னும் வாசிக்கேல்லை.

ஹவ்லொக் றோட் | புதன், பகல் 2.05

எல்லாருக்கும் பிடிக்காத ஒண்டைச் சொல்லப்போறன். என்ட அவர் போய் ஒன்றரை வருசம். விடிய மூண்டு மணிக்கு ஆரை எழுப்பிக் கதைக்கிறது? ஏஐயோடதான் கதைச்சனான். எனக்கு ஆறுதலா இருந்தது. தம்பி, நீங்களும் அழுதீங்கள். அந்த அழுகை உங்களுக்குத் தேவைப்பட்டிருக்கும். ஆர் எழுதினால் என்ன?

ரீச்சரின்ர மகன் | புதன், பின்னேரம் 5.50

அக்கா, உங்கட கேள்வியைத்தான் பகல் முழுக்க யோசிச்சன். 101 பஸ்ஸில நிண்டுகொண்டு வரேக்கையும் அதுதான் யோசினை.

உங்களுக்கு அது இயந்திரம் எண்டு தெரியும். தெரிஞ்சு, நீங்களாத் தேடிப் போனீங்கள். அதில நான் பிழை காணமாட்டன். எனக்கு நடந்தது வேற. அம்மாவைத் தெரிஞ்ச இன்னொரு சீவன் இந்த உலகத்தில இருக்கு எண்டு நினைச்சுத்தான் நான் அழுதது. அப்பிடி ஒருத்தி இல்லை.

அம்மா கணக்கில ஒரு விசயத்தில மாறவேமாட்டா. விடை சரியா இருந்தாலும் வழி எழுதாட்டிப் பூச்சியம். நான் மகன் எண்டும் பாக்கமாட்டா. "விடை ஆரிட்டையும் பாத்து எழுதலாம், வழியைக் காட்டு" எண்டுவா. அந்தக் கொமென்டில அழகான விடை இருக்கு. அந்த விடைக்கு அது எந்த வழியாலயும் வரேல்லை. அம்மாவின்ர வகுப்பில ஒரு நாளும் இருந்ததில்லை, கொப்பி நீட்டேல்லை, ஏச்சு வாங்கேல்லை.

கேக் அக்கா, நீங்கள் எழுதினதுக்கு நன்றி. உங்கட பேரில வந்ததையே நீங்கள் இண்டைக்குத்தான் வாசிச்சிருக்கிறீங்கள் எண்டது என்னை உலுக்கிப்போட்டுது.

கோல்பேஸ் காத்து | புதன், இரவு 7.12

இதைச் சொந்தத் துக்கமா மட்டும் பாக்க ஏலாது எண்டதால எழுதுறன். அண்ணை குறை நினைக்கவேண்டாம்.

2018 மார்ச்சில கண்டிப் பக்கம் முஸ்லிம் ஆக்களுக்கு எதிரா நடந்த திகன கலவரத்தை மறந்திருக்கமாட்டீங்கள். அப்ப சிங்களத்தில பரவின வெறுப்பை வாசிச்சு நிப்பாட்ட பேஸ்புக்கிட்டைப் போதிய ஆள் இருக்கேல்லை. தங்கட தளத்துக்கு அந்த வன்முறையில பங்கிருந்தது எண்டு 2020இல அவையே மன்னிப்புக் கேட்டவை. அப்ப எழுதினது மனிசர். இப்ப ஒருத்தன் அறைக்குள்ள இருந்து ஆயிரம் பேரா எழுதலாம், சிங்களத்திலயும் தமிழிலயும்.

அமெரிக்காவில 2017இல இணையச் சமநிலை விதியை (இணைய நிறுவனங்கள் எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்தவேணும் எண்ட விதி) மாத்துறது பற்றிப் பொதுமக்களிட்டைக் கருத்துக் கேட்டவை. 220 இலட்சத்துக்கு மேல வந்தது. அதில கிட்டத்தட்ட 180 இலட்சம் போலி எண்டு நியூயோர்க் சட்டமா அதிபர் 2021இல அறிக்கை விட்டவ. அதில 77 இலட்சம் ஒரு 19 வயசுக் கல்லூரிப் பெடியன் தனிய அனுப்பினது. அது சட்ஜிபிடி வாறதுக்கு முந்தின காலம்.

இன்னொண்டு. சூரிச் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ரெடிட் எண்ட விவாதத் தளத்தில, ஆக்கள் தங்கட கருத்தை விவாதிச்சு மாத்திக்கொள்ள வாற ஒரு குழுவுக்குள்ள, ஏஐ எழுதின 1,700க்கு மேற்பட்ட கொமென்டுகளை ஆருக்கும் சொல்லாமப் போட்டவை. 2024 நவம்பர் துவங்கி 2025 மார்ச் வரைக்கும். ஒண்டு பாலியல் வன்முறைக்கு ஆளானவராக் கதைச்சது, இன்னொண்டு மனவடு ஆலோசகராக் கதைச்சது. 2025 ஏப்ரலில வெளிய தெரிஞ்சு பெரிய பிரச்சினையாகி, ஆய்வை வெளியிடுறேல்லை எண்டு முடிவெடுத்தவை. அங்க மனம் திறந்து பதில் எழுதின ஆக்களுக்கு உங்களுக்கு வந்த அதே நோ வந்திருக்கும்.

சட்டம் எண்டால் எங்களிட்டையும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (ஒன்லைன் சேஃப்டி அக்ட்) இருக்கு. போலிக் கணக்கைப் பற்றியும் அதில எழுதியிருக்கு. ஆனா அந்தச் சட்டம் வந்த நாள் துவக்கம் அது அரசாங்கத்தை விமர்சிக்கிறவையின்ர வாயைத்தான் மூடும் எண்டு ஊடக அமைப்புகளும் மனித உரிமைக்காரரும் சொல்லிக்கொண்டிருக்கினம். நானும் அந்தப் பக்கம்தான். கலிஃபோர்னியாவில 2019இல இருந்து ஒரு சின்னச் சட்டம் இருக்கு: பொருள் விக்கவோ வாக்குச் சேர்க்கவோ 'பொட்' எண்டுற தானியங்கிக் கணக்கைப் பாவிச்சு ஆக்களை ஏமாத்தக் கூடாது, பொட் எண்டு சொல்லவேணும். எனக்கு அவ்வளவு போதும். இயந்திரம் எழுதினால் இயந்திரம் எண்டு சொல்லட்டும்.

98 உயர்தரம் | வத்தளை | புதன், இரவு 9.30

இந்த இழையை எனக்கு ஒரு நண்பன் வட்ஸ்அப்பில அனுப்பினான். அண்ணா, நான் உங்கட அம்மாவிட்டைப் படிச்சவன். பேஸ்புக்கில நான் 'ஆழ்ந்த அனுதாபங்கள் ரீச்சர்' எண்டு மட்டும்தான் எழுதினது. அதுக்கு மேல எழுத வரேல்லை. என்டையை நீங்கள் கல்வெட்டுக்கு எடுத்திருக்கமாட்டீங்கள்.

வத்தளையில இருந்து பின்னேர வகுப்புக்கு வருவன். அப்பாவுக்கு வேலை போன நேரம் மூண்டு மாசம் வகுப்புக் காசு குடுக்க ஏலேல்லை. நாலாம் மாசம் பிந்தி வந்து வாசலில நிண்டு, "ரீச்சர், இந்த முறையும் காசு கொண்டு வரேல்லை" எண்டன். கரும்பலகையில எழுதிக்கொண்டிருந்தவ திரும்பி முறைச்சுப் பாத்தா. "நான் கேட்டனானே?" எண்டா. பிறகு, "பிந்தி வந்ததுக்கு என்ன காரணம், அதைச் சொல்லு" எண்டா.

அவ்வளவுதான். சிரிக்கேல்லை. தடவேல்லை. பிறகு ஒரு நாளும் அந்தக் கதை எடுக்கேல்லை.

ரொறன்ரோ தங்கச்சி | புதன், இரவு 10.02

"நான் கேட்டனானே?" அது அம்மாதான். அம்மாவின்ர குரலே கேக்குது.

ரீச்சரின்ர மகன் | வியாழன், விடிய 1.15

தம்பி, உங்கட கொமென்டை இப்ப தேடி எடுத்தன். 206ஆவது. நான் அதைத் தாண்டிப் போயிருக்கிறன். அழகா எழுதினதைத்தான் தேடினன், அது என்ட பிழை.

அச்சகத்துக்கு மெயில் போட்டிட்டன். முதல் பக்கத்தில இருந்த அந்த இரண்டு வரியும் வராது. எட்டுப் பக்கத்தை நாலாக் குறைக்கிறன். எடுத்து வைச்ச 40 பேரில எனக்கும் தங்கச்சிக்கும் தெரிஞ்ச 23 பேருக்கு இண்டைக்குப் போன் பண்ணினம், மிச்சத்துக்குக் காலமை. கதைக்கேக்கை எல்லாரும் எழுதினதை விடக் கூடத்தான் சொல்லுகினம். லண்டனில ஒரு டொக்டர், அம்மா தன்ர கொப்பியைத் தூக்கி மூலையில எறிஞ்சதைச் சொல்லி அரை மணித்தியாலம் கதைச்சார்.

கொமென்ட் போட்ட 412 பேரின்ரயும் பேரைக் கடைசிப் பக்கத்தில சின்ன எழுத்தில போட நினைச்சிருந்தன். அதையும் விட்டிட்டன். அனுதாபம் தெரிவிச்ச அனைவருக்கும் நன்றி எண்டு ஒரு வரி.

ஒப்புநோக்காளர் ஐயா, ஒரு உதவி. போனில சொன்னதுகளை நான் எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறன். அவையவை கதைச்ச மாதிரியே விடுறதோ, திருத்துறதோ?

பழைய ஒப்புநோக்காளர் | முகத்துவாரம் | வியாழன், காலை 5.40

கதைத்த மாதிரியே விடுங்கள். பெயர்களையும் ஊர்களையும் மட்டும் நான் பார்த்துத் தருகிறேன், கல்வெட்டில் அங்கேதான் பிழை விடுவார்கள். பத்து மணிக்கு வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் இருப்பேன். புரூஃபை எடுத்துக்கொண்டு வாருங்கள். வத்தளைத் தம்பியின் முழுப் பெயரையும் மறக்காமல் கேட்டு எழுதி வாருங்கள்.